நன்னீர்த் தொட்டியில் ஒரு கடல்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு தங்கமீன்களோ நான்கு கப்பி மீன்களோ நீந்திக்கொண்டிருக்கும். ஒருநாள் ஏதோ ஒரு காட்சியகத்தில் கோமாளி மீனைப் பார்க்கிறீர்கள். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகள். கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கு நடுவே அச்சமின்றி விளையாடும் கடல்மீன் அது. உடனே ஓர் எண்ணம் எழும். தொட்டிதான் இருக்கிறதே, நீரை மாற்றி உப்பைச் சேர்த்தால் போதாதா?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் வசிக்கும் குலசேகரம் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த, கோதையாற்று நீர் பாயும் ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குளச்சலுக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ பேருந்தில் போய்த் திரும்பிவிடலாம். நான் பணிபுரியும் கல்லூரியில் மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஆய்வுக்கூடத்து மூலையில் இருந்த நன்னீர்த் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றலாம் என்றார்கள். பழைய மீன்களை வேறு இடத்துக்கு அனுப்பினோம். தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். மணலைக் குழாய் நீரில் பலமுறை அலசி வெயிலில் காய வைத்தோம். கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து நிரப்பினோம். மாணவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து இரண்டு கோமாளி மீன்களை வாங்கி வந்தார்கள்.

இயற்பியல் ஆசிரியன் அல்லவா? நீர்மானியை மிதக்க விட்டு அடர்த்தி பார்த்தேன், சரியாக இருந்தது. வெப்பநிலை சரி. காற்றுக்குழாய் இரவும் பகலும் குமிழி விட்டது. ஆறாம் நாள் ஒரு மீன் செத்தது. ஏழாம் நாள் காலை மற்றதும் மிதந்தது. “சார், அடர்த்தி சரியாகத்தானே இருந்தது?” என்று ஒரு மாணவர் கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

விடையைத் தேடிப் போனபோது ஒரு வரலாறு கிடைத்தது. எங்கள் தொட்டியில் ஒரே வாரத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள அறிவியலுக்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. அந்த வரலாற்றையே இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சன்னலோரத்துக் கடல்

1846-ஆம் ஆண்டு ஆனா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து சிறு பவள உயிர்கள் சிலவற்றை லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் கிடையாது. கொண்டுவந்த கடல்நீரோ கொஞ்சம். அதைக் கெடாமல் காப்பது எப்படி? திறந்த சன்னலுக்கு முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அந்நீரை அரை மணி, முக்கால் மணி நேரம் மாறி மாறி ஊற்றச் செய்தார். வேலைக்காரப் பெண் செய்த இந்த வேலையைத்தான் இன்று மின்சாரக் காற்றுக்குழாய் செய்கிறது. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். பவள உயிர்கள் பிழைத்தன. கடலுக்கு வெகுதூரத்தில் ஒரு கடலை வைத்துக் காத்தவர்களில் முதன்மையானவர் அவர்.

அவர் செய்தது சரியே. ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீர் குறைவான ஆக்சிஜனையே கரைத்துக்கொள்ளும். நீர் சூடாக ஆக, கரையும் அளவு மேலும் குறையும். 15 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நம் ஊரில் சாதாரணமான 28 டிகிரியில் அது 6.4 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே 28 டிகிரியில் நன்னீர் 7.8 மில்லிகிராம் கொள்ளும். ஆகவே நன்னீர்த் தொட்டியில் பத்து மீன் வாழ்ந்த இடத்தில், உப்பைச் சேர்த்த பின்னும் பத்து மீன் வாழும் என்று எண்ணக்கூடாது.

தந்தையின் தொட்டி

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் லண்டனில் வேதியியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். அழுகும் இலைகள் நீரைக் கெடுத்தபோது நத்தைகளைச் சேர்த்தார். நீரை மாற்றாமலேயே எல்லாம் நன்றாக வாழ்ந்தன. மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கிறது. செடி விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கிறது. அழுகலை நத்தை தின்கிறது. சமநிலை அமைந்துவிட்டது என்று அவர் விளக்கினார்.

அழகான விளக்கம்தான். ஆயினும் கணக்கில் ஒரு பொருள் விடுபட்டிருந்தது. மீன் சுவாசிப்பது மட்டுமா செய்கிறது? அது உண்கிறது, கழிவை வெளிவிடுகிறது. அந்தக் கழிவிலுள்ள நைட்ரஜன் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை அப்போது எவரும் எழுப்பவில்லை. அதற்கான விடைக்கு அந்த வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்த சிறுவன் பின்னாளில் வழிகாட்டுவான் என்பதையும் எவரும் அறியவில்லை.

சாப்பாட்டு உப்பும் கடல் உப்பும்

1853-இல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிர்களைத் திரட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல்தான் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை எங்கும் பரப்பியது. கடலிலிருந்து நீர் கொண்டுவரும் சிரமத்தைத் தவிர்க்க, கடல்நீரையே செய்துவிட முடியுமா என்று காஸ் முயன்றார். சாப்பாட்டு உப்பு, பேதியுப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட், மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் கலந்தார். 100-க்கு 80 பங்கு சாப்பாட்டு உப்புதான். சுண்ணாம்புச் சத்து ஆற்றுநீரிலேயே போதிய அளவு உண்டு என்று அதை விட்டுவிட்டார்.

சாப்பாட்டு உப்பு மட்டும் ஏன் போதாது? நம் மாவட்டத்தில் புத்தளம், சுவாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல்நீர் வற்றும்போது எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், அதன் பின் உப்பு. மக்னீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நின்று, கசப்பு நீரோடு வெளியே போய்விடும். 1849-இல் உசிகிலியோ என்பவர் மத்திய தரைக்கடல் நீரை வற்றச்செய்து இந்த வரிசையைத் துல்லியமாக அளந்தார். ஆகவே நாம் சமையலுக்கு வாங்கும் உப்பு கடலின் ஒரு பகுதியே. ஒரு கிலோகிராம் கடல்நீரில் உள்ள 35 கிராம் உப்புப் பொருளில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல். சோடியம் ஏறக்குறைய 10.8, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். ‘சாலஞ்சர்’ என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். இந்த விகிதம் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

காஸ் செய்த இன்னொரு செயலையும் கவனியுங்கள். செயற்கைக் கடல்நீரில் அவர் உடனே உயிர்களை விடவில்லை. முதலில் கடற்பாசிகளை மட்டும் இட்டுச் சில நாட்கள் காத்திருந்தார். நீரைச் செடிகள் பக்குவப்படுத்தும் என்பது அவர் எண்ணம். காத்திருந்தது சரி. ஆனால் உண்மையில் அந்நாட்களில் நீரில் நடக்கத் தொடங்கிய வேறொரு மாற்றம் அவருக்குத் தெரியாது.

காஸ் எழுதியதைப் படித்து இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானோர் கடல்தொட்டி வைக்கத் தொடங்கினர். பல தொட்டிகளில் சில நாட்களிலேயே நீர் நாறிற்று, உயிர்கள் மடிந்தன. மீண்டும் கடற்கரைக்கு ஓடிப் புதிய உயிர்களைப் பிடித்து வந்தனர். காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளிவந்த தம் நூலில், தம் தந்தை விவரித்த பாறைக் குட்டைகளின் அழகு இப்படிச் சூறையாடப்பட்டதையும், அது தந்தைக்குத் தந்த வேதனையையும் பதிவு செய்திருக்கிறார்.

மீனின் உடலில் நடக்கும் போராட்டம்

நீரை மாற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். மீன் மாறுமா? இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. எலும்பு மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 25 வளிமண்டல அழுத்தம். மீன் இரத்தத்தினுடையது சுமார் 8. நன்னீர் மீனின் உடலுக்குள் செவுள் வழியாக நீர் நுழைந்துகொண்டே இருக்கும். அது நிறையச் சிறுநீர் கழித்துத் தப்பிக்கிறது. கடல்மீனின் நிலை நேர்மாறு. சுற்றிலும் நீர் இருந்தும் அதன் உடல் வறண்டுகொண்டே போகும். ஆகவே அது கடலைக் குடிக்கிறது. இதை 1930-இல் ஹோமர் ஸ்மித் நிறுவினார். குடித்த நீரோடு வந்த உப்பு எங்கே போகிறது? அதைச் செவுளே வெளியேற்றுகிறது என்பதை, விலாங்கு மீனின் இதயத்தையும் செவுளையும் கொண்டு அன்செல் கீஸ் 1931-இல் காட்டினார்.

தங்கமீனுக்கு இந்த உப்பு வெளியேற்றும் திறன் இல்லை. அதைக் கடல்நீரில் விட்டால் சாகும். மோலி மீனுக்கு உண்டு. நம் காயல்களில் வாழும் கரிமீனுக்கும் உண்டு. ஆனால் அவற்றின் செவுளும் ஒரே நாளில் பழகிவிடாது. மெதுவாக மாற்றினால்தான் பழகும்.

இருட்டு நீர்த்தேக்கமும் மெரினாவும்

பெரிய காட்சியகங்கள் அனுபவத்தால் ஒரு வழி கண்டன. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறக்கப்பட்ட காட்சியகத்தை வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் அமைத்தார். மக்கள் பார்க்கும் தொட்டிகளைப் போலப் பல மடங்கு கொள்ளளவுள்ள இருட்டான நீர்த்தேக்கத்தைக் கீழே கட்டி, நீரை இடைவிடாது மேலும் கீழும் சுழலச் செய்தார். தொட்டி தெளிவாக இருந்தது. ஏன் என்பதற்கு முழுக் காரணம் அப்போது தெரியாது.

நம் நாட்டுக்கும் அந்த ஆர்வம் வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் எண்ணத்தில் உருவான கடல்மீன் காட்சியகம் 1909-இல் மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்வளத் துறையின் பொறுப்புக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, குண்டுவீச்சு அச்சத்தால் 1942-இல் மூடப்பட்டது. கடலோரத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரை எடுத்துக்கொள்ளலாம். குலசேகரம் போன்ற உள்நாட்டு ஊரில் தொட்டி வைப்பவருக்கு அந்த வசதி இல்லை. உள்ள நீரே தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மகன் கண்ட வழி

இப்போது விடுபட்ட நைட்ரஜனுக்கு வருவோம். மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியா. எங்கள் ஊர்ப் பக்கம் அம்மோனியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரப்பர் பால் உறையாமல் இருக்க அதைச் சேர்ப்பார்கள். பீப்பாயைத் திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். அதே பொருள் தொட்டி நீரில், மூக்குக்குத் தெரியாத அளவில் சேர்ந்து, மீனின் செவுளை அழிக்கிறது.

1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதன் வழியே கழிவுநீரை மெல்ல ஒழுகவிட்டனர். 20 நாட்கள்வரை அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுவிட்டது. மயக்கமருந்துக்குக் கட்டுப்படுகிறது என்றால் செயல்படுவது உயிருள்ள பொருளாகத்தானே இருக்க வேண்டும்?

இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒருவர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரைட் நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது என்று கண்டார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் தொட்டி வைத்த வாரிங்டனின் மகன்! அவர் ஆராய்ந்தது வயல் மண்ணை. ஆனால் தந்தையின் தொட்டிக் கணக்கில் விடுபட்ட வரியும் அதுவே. அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890-ஆம் ஆண்டையொட்டி விநோகிராட்ஸ்கி அதைச் செய்து முடித்தார்.

எங்கள் மீன்கள் ஏன் செத்தன என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். மணலைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசி வெயிலில் காய வைத்தோமே, அப்போதே அதில் குடியிருந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டோம். கொல்லாமல் விட்டிருந்தாலும், நன்னீருக்குப் பழகியவை திடீரென்று வந்த கடல்நீரில் வேலை நிறுத்தியிருக்கும். ஷ்லோசிங் 20 நாட்கள் காத்திருந்த இடத்தில் நாங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அம்மோனியா நீரில் இரு வடிவில் இருக்கிறது. மின்னூட்டமற்ற வடிவமே மீனுக்குக் கொடிய நஞ்சு. நடுநிலையான நன்னீரில் அந்த வடிவம் 100-க்கு 1 பங்குகூட இல்லை. காரத்தன்மை மிகுந்த கடல்நீரில் அது பத்து மடங்குக்கும் மேலாகிறது. நன்னீர்த் தொட்டியில் மன்னிக்கப்படும் தவறு கடல்தொட்டியில் மன்னிக்கப்படுவதில்லை. கடல்மீன்கள் வளர்ப்பதற்குக் கடினமானவை என்று பெயர் பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளைத் தொட்டியில் வைத்து மெல்லிய காற்றுக் குமிழிகளை விட்டாலே கடல் உயிர்கள் நன்கு வாழ்வதை எழுதினார். பாறையின் துளைகளில் வாழ்ந்த நுண்ணுயிர்களே அங்கே வேலை செய்தன. ஆனால் நாம் அவரைப் பின்பற்றிப் பவளப்பாறையைப் பெயர்க்கக் கூடாது. 2001-இல் பவளங்களும் கடற்குதிரைகளும் நம் நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உப்புக்குப் பழகிய மணலும் நுண்துளைக் கற்களுமே நமக்குப் போதும்.

ஏழு வாரங்கள்

இரண்டாம் முறை நாங்கள் அவசரப்படவில்லை. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் 50 லிட்டர் நன்னீர் நிரப்பி, பழைய தொட்டி ஒன்றின் கழுவாத மணலில் சில கைப்பிடி சேர்த்து, இரண்டு மோலி மீன்களை விட்டோம். நாள்தோறும் 5 லிட்டரை எடுத்துவிட்டு 5 லிட்டர் கடல்நீர் ஊற்றினோம். கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் போட்டுப் பாருங்கள். 7 நாளில் கடலின் உப்பில் 52 சதவீதமும், 14 நாளில் 77 சதவீதமும், 28 நாளில் 95 சதவீதமும் வரும். மின்தேக்கி மின்னேற்றம் பெறும் அதே வளைவரை!

அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசல்களால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து குறித்தோம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது. அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கியது. ஏழாம் வாரத்தில் இரண்டும் இல்லாமலாயின. அதன் பிறகே ஒரு கோமாளி மீன் வந்தது. பதினைந்து நாள் கழித்து இன்னொன்று.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். தொட்டியில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்யக் குளோரின் நீங்கிய நன்னீரையே ஊற்றுங்கள். அடுத்தது, குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் அடர்த்தியை அப்படியே பின்பற்றாதீர்கள். 15 டிகிரியில் 1.026 காட்டும் கடல்நீர் 28 டிகிரியில் 1.022 அளவே காட்டும். குறைகிறதே என்று உப்பைக் கூட்டினால் தவறாகிவிடும்.

மீனை வாங்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வு மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. அதை வாங்குவதால் எந்தப் பாறைக் குட்டையும் வெறுமையாகாது. காஸின் வாசகர்கள் செய்த தவற்றை நாம் திரும்பச் செய்யத் தேவையில்லை.

எங்கள் தொட்டியின் அருகே அந்த ஏழு வாரக் குறிப்பு அட்டை இன்னும் தொங்குகிறது. அன்று கேள்வி கேட்ட மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். அவர் இதைப் படிக்க நேர்ந்தால், தாமதமான என் விடை இதுதான். தம்பி, அடர்த்தி சரியாகத்தான் இருந்தது. எனக்கு அளக்கத் தெரிந்ததை மட்டும் அளந்துவிட்டு, எல்லாம் சரி என்று நான் சொன்னதுதான் தவறு.